முன்பாரமும் பின்பாரமும்

2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள். கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலை நாடெங்கும் பரவியிருந்த காலம். மருத்துவமனைகளில் நோயாளிகள் மூச்சுவிடப் போதிய ஆக்சிஜன் இல்லை. அன்று காலை 8 மணிக்குத் தில்லிக்கு அருகிலுள்ள ஹிண்டன் தளத்திலிருந்து இந்திய விமானப்படையின் சி-17 விமானம் ஒன்று புறப்பட்டது. 10 மணிக்கு அது புனே நகரின் லோஹகாவ் தளத்தில் இறங்கியது. திரவ ஆக்சிஜனை ஏற்றிச் செல்லும் இரண்டு கொள்கலன் லாரிகளை அங்கே தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டது. பகல் 1.30 மணிக்குக் குஜராத் மாநிலத்தின் ஜாம்நகரைச் சென்றடைந்தது.

அந்த லாரிகள் இரண்டும் வெறுமையாக இருந்தன. ஆக்சிஜன் இன்றி மக்கள் தவிக்கும்போது வெற்றுக் கலன்களைப் பெரிய விமானத்தில் ஏற்றிச் செல்வானேன் என்னும் கேள்வி எழுவது இயல்பே. ஆக்சிஜன் வாயுவைச் சுழியத்திற்குக் கீழே 183 பாகை செல்சியசு வரை குளிர்வித்தால் அது திரவமாகிறது. ஒரு லிட்டர் திரவம் மீண்டும் வாயுவானால் 800 லிட்டருக்கும் மிகுதியாகப் பெருகும். ஆக்சிஜன் தானே எரிவதில்லை. ஆயினும், எரியும் பொருளை மிகக் கடுமையாக எரியச் செய்யும். மூடிய விமானத்திற்குள் அது கசிந்தால் ஒரு சிறு பொறியும் பேரிடராகிவிடும். ஆகவே நிரம்பிய கலன்கள் சாலை வழியாகவும் இரயில் வழியாகவுமே திரும்பின.

அந்நாளில் தட்டுப்பாடு ஆக்சிஜனுக்கு மட்டும் அன்று. அதைச் சுமக்கும் லாரிகளுக்கும்தான். ஜாம்நகருக்கு அருகிலுள்ள பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் மருத்துவத்திற்குரிய ஆக்சிஜன் ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. புனேயிலிருந்து அங்கே செல்லச் சாலை வழியில் 900 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். கனமான லாரி ஒன்று அத்தொலைவை வெறுமையாகக் கடப்பதற்கே ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். விமானம் அந்த ஒரு நாளை மிச்சப்படுத்தியது. மருத்துவமனையில் காத்திருந்தவர்களுக்கு ஒரு நாள் என்பது சிறிய அளவு அன்று.

புனேக்கும் ஜாம்நகருக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 600 கிலோமீட்டர். சி-17 விமானத்திற்கு அது ஒரு மணி நேரப் பயணம். ஆனால் லோஹகாவில் இறங்கியதற்கும் ஜாம்நகரை அடைந்ததற்கும் இடையே மூன்றரை மணி நேரம் சென்றது. எஞ்சிய நேரம் தரையில் கழிந்தது. இத்தனை அவசரத்திலும் தரையில் ஏன் இவ்வளவு நேரம்? லாரியை ஏற்றுவதும் கட்டுவதும் அதில் ஒரு பகுதி. எவ்வளவு அவசரமாயினும் விட்டுவிட இயலாத வேறொரு வேலையும் உண்டு. விமானத்தின் எடையையும் அந்த எடை எங்கே நிற்கிறது என்பதையும் கணக்கிட்டாக வேண்டும்.

பூங்காவில் உள்ள சீசா பலகையைப் பார்த்தவர்க்கு இந்தக் கணக்கு புதியதன்று. நடுவிலிருந்து 1.5 மீட்டர் தொலைவில் 40 கிலோ எடையுள்ள ஒருவன் அமர்கிறான். மறுபுறம் 30 கிலோ எடையுள்ள அவன் தங்கை நடுவிலிருந்து 2 மீட்டர் தொலைவில் அமர்கிறாள். 40-ஐ 1.5-ஆல் பெருக்கினாலும் 30-ஐ 2-ஆல் பெருக்கினாலும் விடை 60. பலகை சமமாக நிற்கிறது. எடையைத் தொலைவால் பெருக்கி வரும் இந்த அளவிற்குத் திருப்புத்திறன் என்று பெயர். எடை குறைந்தவர் தள்ளி அமர்ந்தால், எடை மிகுந்தவரை ஈடுசெய்துவிடலாம்.

பலகையைக் காட்டிலும் விமானத்திற்கு நெருங்கிய உறவு மாட்டுவண்டி. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வண்டி ஓட்டிய முதியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்னும் இரு சொற்களை நன்கு அறிவர். இரட்டைச் சக்கர வண்டியில் சுமை முழுவதையும் தாங்குவது நடுவிலுள்ள அச்சு. மூட்டைகள் அச்சுக்கு முன்னால் மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும், இதுவே முன்பாரம். பின்னால் மிகுந்தால் வண்டி பின்புறம் சாயும், நுகத்தடி மேலெழும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இது பின்பாரம். தேர்ந்த வண்டிக்காரர் எடைக்கல் எதுவும் இல்லாமல், நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்தே எந்த மூட்டையை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று சொல்லிவிடுவார். சற்றே முன்பாரமாக இருப்பது நல்லது என்பதும் அவர்கள் அறிந்த ஒன்று.

பறக்கும் விமானத்தைத் தாங்குபவை இறக்கைகள். வண்டிக்கு அச்சு எப்படியோ, விமானத்திற்கு இறக்கை அப்படி. விமானத்தின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொள்ளலாம். அப்புள்ளி ஈர்ப்புமையம் எனப்படும். அது இறக்கைகள் தூக்கும் இடத்தை ஒட்டி, சற்று முன்னால் அமைய வேண்டும். எஞ்சும் சிறு வேறுபாட்டை வாலிலுள்ள சிறிய கிடைநிலை இறக்கை சமன்செய்துவிடும். ஆனால் வாலின் வலிமைக்கும் ஓர் எல்லை உண்டு. ஈர்ப்புமையம் மிகவும் முன்னே சென்றால் விமானம் மூக்கை உயர்த்த மறுக்கும். ஓடுபாதை முடிந்துவிடும், விமானமோ தரையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். மிகவும் பின்னே சென்றால் நிலைமை இன்னும் கொடியது. மூக்கு தானாகவே மேலே எழும். விமானி எவ்வளவு முயன்றாலும் அதைத் தாழ்த்த இயலாமற் போகலாம். மூக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்ததும் இறக்கைகள் தம் தூக்குவிசையை இழந்துவிடும்.

50 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பெரிய விமானங்களிலும் ஈர்ப்புமையம் முன்பின் நகர்வதற்கு உரிய இடம் ஓரிரு மீட்டர் மட்டுமே. ஒரு லாரியின் நீளத்தைவிட அது மிகக் குறைவு.

சி-17 எத்துணைப் பெரியது என்பதைச் சில எண்கள் காட்டும். அதன் நீளம் 53 மீட்டர். இறக்கைகளின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏறத்தாழ 52 மீட்டர். வெறும் விமானத்தின் எடையே 128 டன். அது சுமக்கக்கூடிய சரக்கு 77 டன். எரிபொருள் தொட்டிகள் நிரம்பினால் 100 டன்னுக்கு மேல் கொள்ளும். இவை மூன்றையும் கூட்டினால் 305 டன்னைத் தாண்டுகிறது. ஆனால் தரையிலிருந்து எழும்போது அதன் மொத்த எடை 265 டன்னுக்கு மேற்படக்கூடாது. ஆகவே முழுச் சரக்கையும் முழு எரிபொருளையும் ஒருசேரச் சுமக்க இவ்விமானத்தால் இயலாது. தொலைதூரம் செல்ல வேண்டுமானால் சரக்கைக் குறைக்க வேண்டும். சரக்கு மிகுந்தால் குறைந்த தூரமே செல்லலாம். 2013-ஆம் ஆண்டு முதல் இந்திய விமானப்படையில் சேர்ந்த இவ்வகை விமானங்கள் மொத்தம் 11. அவை அனைத்திற்கும் ஹிண்டனே இருப்பிடம்.

இவ்வளவு பெரிய பொருளை நிறுத்துப் பார்ப்பது எப்படி? விமானத்தை எடைமேடைகளின் மேல் நிறுத்துவர். அல்லது அடியில் பளுதூக்கிகளை வைத்து, அவற்றின் தலையில் எடை உணரிகளைப் பொருத்தித் தூக்குவர். மூக்குச் சக்கரத்தின் மேலும் இறக்கைக்கு அடியிலுள்ள சக்கரங்களின் மேலும் எவ்வளவு எடை இறங்குகிறது என்பதைத் தனித்தனியே குறித்துக்கொள்வர். அந்த எண்களைக் கொண்டே ஈர்ப்புமையம் எங்கே இருக்கிறது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். இவ்வேலையைத் திறந்த வெளியில் செய்வதில்லை. கதவுகள் மூடிய கொட்டகைக்குள்தான் செய்வர். வெளியே இலேசான காற்று வீசினாலும் இறக்கைகள் தம் இயல்புப்படி விமானத்தைச் சற்றே தூக்கப் பார்க்கும். மேடை உண்மையைவிடக் குறைந்த எடையைக் காட்டும்! உள்ளே எவரேனும் மறந்து வைத்த கருவிப்பெட்டியும் கணக்கைக் கெடுக்கும் என்பதால், எவை எவை உள்ளன என்று பட்டியலிட்ட பின்னரே நிறுப்பர்.

இந்த நிறுவை ஒவ்வொரு பயணத்திற்கு முன்பும் நிகழ்வதன்று. குறித்த கால இடைவெளியிலும் பெரிய பழுதுபார்ப்புக்குப் பின்னரும் நிகழ்கிறது. புதிதாகப் பூசிய வண்ணமும் கூட விமானத்தின் எடையைக் கூட்டிவிடும். ஒரே ஆலையில் ஒரே ஆண்டில் பிறந்த இரு விமானங்களுக்கும் எடை ஒன்றாக இராது. இரட்டைக் குழந்தைகளைப் போலத்தான். ஆகவே ஒவ்வொரு விமானத்திற்கும் அதற்கே உரிய எடைப் பதிவேடு உண்டு.

பயணத்திற்கு முன் செய்ய வேண்டியது அப்பதிவேட்டு எண்ணோடு சரக்கு, எரிபொருள், ஆட்கள் ஆகியோரின் கணக்கைச் சேர்ப்பது. சி-17 விமானத்தை இயக்க மூவர் போதும். இருவர் விமானிகள். மூன்றாமவர் லோட்மாஸ்டர், அதாவது சரக்கேற்றப் பொறுப்பாளர். எந்தப் பொருள் எங்கே நிற்க வேண்டும், எத்தனை சங்கிலிகளால் கட்டப்பட வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. விமானி பறக்கும் திறனால் புகழ்பெறலாம். லோட்மாஸ்டரின் பெயரைச் செய்தித்தாளில் காண்பது அரிது. ஆயினும் அவருடைய கணக்கை நம்பியே விமானி மூக்கை உயர்த்துகிறார்.

லாரி ஒன்றை ஏற்ற வேண்டுமானால் அதன் மொத்த எடை மட்டும் தெரிந்தால் போதாது. லாரிக்கும் ஈர்ப்புமையம் உண்டு. அதைக் காண ஒவ்வோர் அச்சையும் தனியே நிறுப்பர். எடுத்துக்காட்டாக, 15 டன் லாரி ஒன்றின் முன்னச்சு 6 டன்னும் பின்னச்சு 9 டன்னும் காட்டுவதாகவும், இரண்டிற்கும் இடைவெளி 5 மீட்டர் என்றும் கொள்வோர் 9-ஐ 5-ஆல் பெருக்கி 15-ஆல் வகுப்பர். விடை 3. முன்னச்சிலிருந்து 3 மீட்டர் பின்னால் இருக்கிறது அந்த லாரியின் ஈர்ப்புமையம். அவ்விடத்தில் லாரியின் பக்கவாட்டில் சுண்ணக்கட்டியாலோ ஒட்டுநாடாவாலோ அடையாளம் இடுவர். விமானத்திற்குள் அந்த அடையாளம் எங்கே வந்து நிற்கிறது என்பதே கணக்கில் சேரும்.

சி-17 விமானத்தின் உண்மையான கணக்கு நீளமானது. அதன் அடிப்படையைக் கற்பனை எண்களால் எளிதில் காட்டலாம். 130 டன் விமானம் ஒன்றின் ஈர்ப்புமையம் மூக்கு முனையிலிருந்து 24 மீட்டரில் இருக்கிறது. திருப்புத்திறன் 3,120. ஒவ்வொன்றும் 15 டன் எடையுள்ள இரு லாரிகளில் ஒன்றை 20 மீட்டரிலும் மற்றொன்றை 28 மீட்டரிலும் நிறுத்தினால், அவற்றின் திருப்புத்திறன்கள் 300, 420. மூன்றையும் கூட்டினால் 3,840. மொத்த எடையாகிய 160 டன்னால் வகுத்தால் 24 மீட்டர். 30 டன் ஏறியும் ஈர்ப்புமையம் அசையவில்லை.

அதே லாரிகளை ஏற்றுவதற்கு எளிது என்று கதவுக்கு அருகிலேயே, இரண்டின் மையமும் 30 மீட்டரில் அமையுமாறு நிறுத்தினால் என்ன ஆகும்? இப்போது திருப்புத்திறன் 4,020. அதை 160-ஆல் வகுத்தால் 25 மீட்டரைத் தாண்டுகிறது. எடை ஒரு கிலோவும் கூடவில்லை. ஆனால் ஈர்ப்புமையம் ஒரு மீட்டருக்கு மேல் பின்னே சென்றுவிட்டது. ஓரிரு மீட்டரே இடம் உள்ள விமானத்தில் இது பெரும் பின்பாரம்.

ஏற்றும்போதே பின்பாரச் சிக்கல் தொடங்கிவிடுவதும் உண்டு. சி-17 விமானத்தின் வாலுக்கு அடியில் உள்ள பெரிய கதவு கீழிறங்கிச் சாய்தளமாக மாறும். லாரி அதன்மேல் ஏறும் நேரத்தில் எடை முழுவதும் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். அப்போது வால் தாழ்ந்து மூக்குச் சக்கரம் தரையை விட்டு எழாமல் இருக்கப் பின்புறம் தாங்குகால்களை இறக்கி வைப்பர்.

லோஹகாவ் தளத்திற்கு இது பழைய சிக்கலே. 1968-ஆம் ஆண்டு வரை அங்கே லிபரேட்டர் என்னும் நான்கு எஞ்சின் விமானங்கள் இருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் செய்யப்பட்டு, போர் முடிந்தபின் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்தவற்றை இந்தியத் தொழில்நுட்பர்கள் மீண்டும் பறக்கச் செய்தனர். நிறுத்தி வைத்திருக்கும்போது வால் தரையில் இடித்துவிடாமல் இருக்க அதன் அடியில் ஒரு கோலை முட்டுக்கொடுப்பது லிபரேட்டருக்கு வழக்கம். கணினி இல்லாத அக்காலத்தில் ஈர்ப்புமையத்தைக் கணக்கிட ஒரு நழுவு சட்டம் பயன்பட்டது. அளவுகள் பொறித்த சட்டத்தை நகர்த்தினால், இத்தனை ஆட்களும் இவ்வளவு எரிபொருளும் ஏறினால் மையம் எங்கே வரும் என்பதை அது காட்டிவிடும். எல்லையைத் தாண்டினால் சட்டத்திலேயே தெரியும். புனேயிலிருந்த லிபரேட்டர் ஒன்று 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூசான் நகருக்குப் பறந்து சென்றது. இன்றும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

சரியான இடத்தில் நிறுத்துவதோடு வேலை முடிவதில்லை. நிறுத்திய பொருள் பயணம் முழுவதும் அங்கேயே நிற்க வேண்டும். ஓடுபாதையில் விமானம் விரையும்போது சரக்கு பின்னோக்கி நழுவப் பார்க்கும். தரையிறங்கித் தடை போடும்போது முன்னோக்கிப் பாயப் பார்க்கும். இராணுவச் சரக்கு விமானங்களில் முன்னோக்கிய பாய்ச்சலைத் தடுக்கும் சங்கிலிகள் சரக்கின் எடையைப்போல் மூன்று மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. 15 டன் லாரிக்கு 45 டன் தாங்கும் கட்டு வேண்டும். சங்கிலிகளை நேராக இழுத்துக் கட்டினால் போதாது. எந்தக் கோணத்தில் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அவற்றின் வலிமை குறையும். அதுவும் லோட்மாஸ்டரின் கணக்கில் அடங்கும்.

இதில் தவறினால் நேர்வது என்ன என்பதை 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளம் கண்டது. ஐந்து கனத்த இராணுவ வண்டிகளைச் சுமந்த போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று அங்கிருந்து புறப்பட்டது. மேலெழுந்த சில நொடிகளில் மூக்கு நிமிர்ந்து, பறக்கும் ஆற்றலை இழந்து கீழே விழுந்தது. உள்ளிருந்த 7 பேரும் உயிரிழந்தனர். வண்டிகளுள் ஒன்றேனும் கட்டறுந்து பின்னோக்கி ஓடியதை விசாரணை கண்டறிந்தது. அது பின்சுவரை உடைத்து, வாலை இயக்கும் குழாய்களையும் திருகு தண்டையும் சிதைத்துவிட்டது. பின்பாரத்தோடு, அதைச் சமன்செய்ய வேண்டிய வாலும் செயலிழந்தது. அத்தகைய வண்டிகளைக் கட்டுவதற்குத் தேவையான பட்டைகளின் எண்ணிக்கையே தவறாகக் கணக்கிடப்பட்டிருந்தது. கட்டியவர்கள் சோம்பலால் குறைத்துக் கட்டியவர்கள் அல்லர். அவர்கள் பின்பற்றிய வழிகாட்டி நூலிலேயே பிழை இருந்தது என்பதே அவ்விசாரணையின் வருந்தத்தக்க முடிவு.

எரிபொருளும் ஓயாத கணக்கைக் கேட்கும். அது இறக்கைகளுக்குள் உள்ள தொட்டிகளில் நிற்கிறது. இறக்கைகளோ பின்னோக்கிச் சாய்ந்தவை. ஆகவே எரிபொருள் எரிய எரிய எடை குறைவதோடு ஈர்ப்புமையமும் இடம் மாறும். புறப்படும்போது எல்லைக்குள் இருந்தால் போதாது. இறங்கும்போதும் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதால் இரு நிலைகளுக்கும் கணக்கிடுவர்.

புனேயின் வெயிலும் இக்கணக்கில் இடம்பெறும். லோஹகாவ் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 590 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் கூடினால் காற்று அடர்த்தி குறையும். சூடானால் இன்னும் குறையும். அடர்த்தி குறைந்த காற்றில் இறக்கைகள் தூக்கும் விசை குறைகிறது. எஞ்சின்களின் உந்துவிசையும் தளர்கிறது. எனவே ஏப்ரல் மாத நண்பகலில் அதே விமானம், அதே எடையோடு எழ, குளிர்ந்த காலையைவிட நீளமான ஓடுபாதை வேண்டும். அங்குள்ள ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 2.5 கிலோமீட்டர். இரண்டு வெற்று லாரிகளும் 600 கிலோமீட்டர் பயணமும் சி-17 விமானத்திற்கு இலேசான சுமையே. வெயிலில் அது தடுமாறியிருக்காது. ஆனால் இலேசான சுமை என்பதை மனத்தால் முடிவு செய்வதில்லை. தாளில் எண்களாக வந்த பின்னரே விமானிக்கு அது உண்மையாகும்.

ஜாம்நகரில் கதவு திறந்து, சங்கிலிகள் கழற்றப்பட்டு, லாரிகள் ஒவ்வொன்றாக இறங்கிச் சாலை வழியே செல்கின்றன. லாரிகள் போனதும் புனேயில் எழுதிய எடைத்தாள் பயனற்றதாகிறது. விமானம் இப்போது வேறு எடை; அதன் ஈர்ப்புமையம் வேறு இடத்தில். அடுத்த பயணத்திற்கு லோட்மாஸ்டர் புதிய தாள் ஒன்றை எடுத்து, முதல் வரியில் மீண்டும் வெறும் விமானத்தின் எடையை எழுதத் தொடங்குகிறார்.